தாத்தா பேர் கேட்கும் டைம் கீப்பர்

"செங்கம் வண்டி எப்பங்க?" என்று கேட்டால் அருணகிரி உடனே சொல்லிவிடுவார். "ஒம்போது பத்து. மூணாவது பிளாட்பாரம்." அதோடு விட்டால் அவர் அருணகிரி இல்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "நீங்க எந்த ஊரு?" என்பார். ஊரைச் சொன்னால் "எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் "அப்பா பேரு?" அப்பா பேரைச் சொன்னால் "அவரோட அப்பா?" பெரும்பாலான ஜனங்கள் இந்த இடத்தில்தான் திணறும். யோசித்துக்கொண்டே நிற்கையில் செங்கம் வண்டி கிளம்பிப் போய்விடுவதும் உண்டு. அருணகிரிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. "போனா போவுது, அடுத்தது ஒம்போதே முக்காலுக்கு இருக்கு. உக்காருங்க. அந்தத் தாத்தாவோட கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?"

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸ் என்று ஒரு கூண்டு இருக்கிறது. ஸ்டாண்டுக்குள் வருகிற வண்டி, கிளம்பிப் போகிற வண்டி எல்லாவற்றின் நேரத்தையும் எழுதுகிற வேலை அவருக்கு. இரண்டாயிரத்து மூன்றில் அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். காக்கிச் சட்டைப் பை எப்போதும் உப்பியிருக்கும். பீடியோ வெற்றிலைப் பொட்டலமோ என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். உள்ளே இருப்பவை அட்டைகள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, வெள்ளையாக இருக்கிற பின்பக்கத்தில் எழுதுவார். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் ஆளாகப் பத்திரிகை கேட்டு வாங்கிக்கொள்வார். முன்பக்கத்தில் இரண்டு வீட்டுத் தாத்தா பேரும் அச்சில் இருக்கும், பின்பக்கத்தில் எழுத இடம் இருக்கும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

ரமணாசிரமத்துப் பக்கம் போக வழி கேட்டு வருகிற வெள்ளைக்காரர்களையும் அவர் விட்டதில்லை. "யுவர் கிராண்ட்ஃபாதர் நேம்?" என்பார். ஒருமுறை ஜெர்மன்காரப் பெண் ஒருத்தி பையை இறக்கி வைத்துவிட்டு, ஏழு தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டாள். அன்று முழுக்க மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. "ஏழு தலமொறைடி! பொறந்த தேதியோட சொல்லுது அந்தப் பொண்ணு. நமக்கு நாலுக்கு மேல நாக்கு பொரளல," என்று மனைவி ஜோதியம்மாளிடம் புலம்பினார். "அந்தப் பொண்ணுக்குக் கொழம்பு வெக்கிற வேல இல்ல, சொல்லும்," என்றாள் ஜோதியம்மாள்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்றால், மனுஷர் எம்.ஏ. சரித்திரம் படித்தவர். அறுபத்தெட்டில் ஊரிலிருந்து சென்னைக்குப் போய், ஒற்றை வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு படித்தார். கடைசி வருஷம் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏரிகள் நூறு வருஷத்தில் எத்தனை தடவை உடைந்தன என்பதை எடுத்துக்கொண்டார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்களுக்கு நடுவே தும்மிக்கொண்டே எட்டு மாதம் கிடந்தார். அப்போதுதான் அவருடைய பேராசிரியர் மூன்று விஷயங்களை மண்டையில் அடித்து இறக்கினாராம். ஏரியைப் பற்றித் தெரிய வேண்டுமானால் தண்ணீர் பாய்கிற ஊரில் கேட்காதே, பாயாத ஊரில் கேள். நல்லா இருக்கிறவன் மறந்துவிடுவான், வயிறெரிந்தவன் தேதியோடு சொல்லுவான். இரண்டாவது, கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்காதே. மூன்றாவது, உனக்குப் பிடித்த முடிவு கிடைத்தால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு.

படித்து முடித்து வந்தால் வேலை எங்கே இருக்கிறது? இரண்டு வருஷம் நடையாய் நடந்து, கடைசியில் பஸ் கூண்டுக்குள் உட்கார்ந்தார். "எம்.ஏ. படிச்சிட்டு டைம் கீப்பராங்க?" என்று யாராவது உச்சுக் கொட்டினால், "ஹிஸ்டரிக்காரனுக்கு நேரம் எழுதறதத் தவிர வேற இன்னாங்க தெரியும்?" என்று சிரித்துவிடுவார். ஆனாலும் அந்தப் படிப்பு இருபத்தைந்து வருஷம் பரணில் போட்ட பித்தளைக் குண்டான் மாதிரி சும்மாதான் கிடந்தது.

அதை இறக்கி வைத்தது தொண்ணூற்றாறில் அவர் அப்பாவின் கருமாதி. குளக்கரையில் உட்கார வைத்து, "மூணு தலமொறை பேரு சொல்லுங்க," என்றார் காரியம் செய்ய வந்தவர். அப்பா பேர் வந்தது, தாத்தா பேர் வந்தது. தாத்தாவின் அப்பா? எம்.ஏ. முழித்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா, "சடையன்டா. சடையனோட அப்பா அப்பாசாமி," என்று எடுத்துக் கொடுத்தார். அருணகிரிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. எந்த ஏரி எந்த வருஷம் உடைந்தது என்று மூச்சு விடாமல் சொன்னவனுக்குச் சொந்தக் கொள்ளுத்தாத்தா பேர் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு முதல் அட்டையை வெட்டினார். 'சடையன், தகப்பனார் அப்பாசாமி. சொன்னவர்: சித்தப்பா. நம்பலாமா: ?'

அந்தக் கேள்விக்குறிக்கும் கணக்கு உண்டு. ஒருத்தர் மட்டும் சொன்னால் கேள்விக்குறி. ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் டிக். ஏழு வருஷத்தில் இப்படி நானூறு அட்டைக்கு மேல் சேர்ந்து, ஒரு செருப்புக் கடை டப்பாவுக்குள் ஊர் வாரியாக அடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து பெரிய சார்ட் பேப்பரில் வம்சாவளி எழுதி வீட்டுக் கூடத்தில் மாட்டினார். உச்சியில் அப்பாசாமி. கீழே இரண்டு கிளை, சடையன் ஒன்று, மன்னாரு ஒன்று. அருணகிரி குடும்பம் சடையன் கிளை. மன்னாரு கிளையை அந்த ஒரு பேரோடு நிறுத்தி, 'பேச்சுவார்த்தை இல்லை' என்று சின்னதாக எழுதியிருந்தார். ஏதோ பழைய மனஸ்தாபம். அவருக்கு விவரம் தெரிந்ததிலிருந்தே அந்த வீட்டுக்காரர்களோடு போக்குவரத்து கிடையாது.

சார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ. அதில் அருணகிரி தலையில் பரிவட்டத்தோடு நிற்கிறார். அவர்களுடைய குலதெய்வம் பச்சையம்மன், கீழ்பென்னாத்தூருக்கு அந்தாண்டை ஒரு ஏரிக்கரையில் இருக்கிறாள். ஆடி மாதம் மூன்றாம் திங்கள்கிழமை பெரிய பூசை. பூசாரி ஒரு மஞ்சள் துணியை மடித்து, வம்சத்தில் மூத்த கிளைக்காரர் தலையில் கட்டுவார். அவர் அப்பாவுக்கு அப்புறம் அது அருணகிரிக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டில் டிரைவர் கண்டக்டர் எல்லாம் "யோவ் டைம்" என்று கூப்பிடுகிற மனுஷர், அந்த ஒரு நாள் ராஜா. தலை ஆடாமல் நடப்பார். வீட்டுக்கு வந்தும் அரை நாள் கழற்ற மாட்டார். "தூங்கும்போதாவது கழட்டுவியா?" என்பாள் ஜோதியம்மாள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த மனுஷர், கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக ஒரு நாள் மாட்டிக்கொண்டார். அவருக்கு ஒரே பெண், வினோதினி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கீழ்பென்னாத்தூரில் மருந்துக் கடை வைத்திருக்கிற அருள்ராஜ் என்கிற பையன் அடிக்கடி திருவண்ணாமலைக்கு வருவான். ரத்தம் எடுக்கிறவளும் மருந்து விற்கிறவனும் சந்திக்க ஜோசியமா பார்க்க வேண்டும்? இரண்டாயிரத்து மூன்று மாசியில், "அப்பா, ஒருத்தர் உங்களப் பாக்க வருவாரு. நல்லா பேசுங்க," என்றாள். அருணகிரிக்குப் புரிந்துவிட்டது. பையன் டைம் ஆபீசுக்கே வந்தான். நல்ல லட்சணம், நிதானமான பேச்சு. அருணகிரிக்குப் பிடித்துப் போயிற்று. பிடித்துப் போன பூரிப்பில் வழக்கமான கேள்வியை ஆரம்பித்தார்.

"அப்பா பேரு?"

"வேணுங்க."

"தாத்தா?"

சொன்னான்.

"அவரோட அப்பா?"

பையன் உஷாரானவன், அதையும் சொன்னான். அதற்கு மேலும் ஒன்று தெரியும் என்று உற்சாகமாகச் சேர்த்துக்கொண்டான். "அவரோட அப்பா மன்னாருங்க. எங்க குலதெய்வம் கூட பச்சையம்மன்தான். நாங்க ஆடி மொதல் திங்கக்கெழமயே போயிட்டு வந்துடுவோம்."

விழுப்புரம் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அருணகிரி நேரம் எழுதவில்லை.

ஒரே ஆண் வழியில் வந்தவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் அதில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. சடையனும் மன்னாருவும் அண்ணன் தம்பி என்றால் வினோதினிக்கு அருள்ராஜ் அண்ணன். வேறு எவனாவது சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். இது அவரே ஏழு வருஷம் தேடி, அவர் கையாலேயே எழுதி, கூடத்தில் ஆணி அடித்து மாட்டி வைத்திருப்பது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

"நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று ஜோதியம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஊரான் வம்சத்தயெல்லாம் நோண்டினியே, இப்ப ஒம் பொண்ணு தலையில வந்து உக்காந்துச்சா?" அந்தப் பக்கம் வேணுவும் விஷயம் கேள்விப்பட்டு, "பங்காளி ஊட்ல பொண்ணு எடுத்தா ஊரு காறித் துப்பும்," என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். ஆடி கழிந்ததும் ஆவணியில் மகனுக்கு வேறு இடத்தில் முடித்துவிடுவதாகவும் சொன்னார்.

வினோதினி அழவில்லை. கூடத்துச் சார்ட்டைக் காட்டி, "இது நீங்க எழுதனதுதானேப்பா? அழிச்சிடுங்க," என்றாள்.

"எழுதனத அழிக்கக் கூடாதும்மா. தப்பா இருந்தாத்தான் திருத்தலாம்."

"அப்ப தப்பா இருக்குதான்னு பாருங்க."

அருணகிரி டப்பாவைத் திறந்தார். முதல் அட்டை. சடையனின் அப்பா அப்பாசாமி என்பதற்கு எதிரே ஏழு வருஷமாக அந்தக் கேள்விக்குறி அப்படியே உட்கார்ந்திருந்தது. சொன்னது சித்தப்பா ஒருத்தர். அவருக்குச் சொன்னது பச்சையம்மன் கோயில் பூசாரி வரிசையாகப் படிக்கிற பேர்கள். இரண்டாவது சாட்சி இல்லை. மற்ற நானூறு அட்டைக்கும் அலைந்தவர் இந்த ஒரு அட்டைக்கு அலையவில்லை. ஏன் அலையவில்லை என்று யோசித்தார்; பதில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அது சரியாக இருப்பதால்தானே தலையில் பரிவட்டம்!

வேலை முடிந்ததும் மத்தியான நேரங்களில் பதிவு அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தார். மனு எழுதிப் போட்டு, பழைய அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டினார். ஐந்து நாள் தேடியும் அப்பாசாமி பேரில் ஒன்றும் இல்லை, சடையன் பேரிலும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அருணகிரிக்கு ஏரிகள் ஞாபகம் வந்தன. தண்ணீர் பாயாத ஊரில் கேள். சொந்த நிலத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, பக்கத்து நிலத்துக்காரர்களின் பத்திரங்களைத் தேடினார். நிலப் பத்திரம் என்றால் நாலு பக்கமும் யார் நிலம் இருக்கிறது என்று எழுதித்தான் ஆக வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் வாய்க்கால் வெட்ட ஒரு துண்டு நிலம் வாங்கிய பத்திரம் பதினோராவது நாள் அகப்பட்டது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்காம் வருஷத்தியது. அட்டவணையில் அது வாங்கியவர் பேரில் மட்டுமே ஏறியிருந்தது. விற்றவர் யார் என்று அதில் இப்படி இருந்தது:

'காலஞ்சென்ற அப்பாசாமியின் மைனர் குமாரன் மன்னாருக்குக் கார்டியனும், மேற்படி மைனரின் தமக்கை பொன்னியின் புருஷனுமான, அடி அண்ணாமலை கிராமம் சடையன்.'

மூன்று தடவை படித்தார். எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நான்காம் தடவை படித்தார். சடையன் அப்பாசாமிக்கு மகன் இல்லை. மகள் பொன்னியைக் கட்டிக்கொண்டு அடி அண்ணாமலையிலிருந்து வந்த மாப்பிள்ளை. மாமனார் செத்தபோது மைத்துனன் மன்னாரு சின்னப் பையன். அவனுக்குப் பதிலாக அக்கா புருஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டான்; கோயிலில் பரிவட்டமும் கட்டிக்கொண்டிருப்பான். பையன் வளர்ந்த பிறகும் துணி இந்தத் தலையிலேயே தங்கிவிட்டது. பூசாரி படிக்கிற வரிசையில் பெண்கள் பேர் கிடையாது. பொன்னியை விட்டுவிட்டு 'அப்பாசாமி, சடையன், மன்னாரு' என்று படித்துப் படித்து, இரண்டு தலைமுறையில் மருமகன் மகனாகிவிட்டான்.

அக்கா பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் என்ன முறை? மாமன் மச்சான்! அப்படியானால் வினோதினிக்கு அருள்ராஜ் அண்ணன் இல்லை, கட்டிக்கொள்கிற முறைப் பையன்.

ஐந்து நிமிஷம் அருணகிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறாவது நிமிஷம் பேராசிரியர் வந்து முதுகில் தட்டினார். உனக்குப் பிடித்த முடிவா? சந்தேகப்படு. பெண்ணுக்காகத் தேடப் போன அப்பன் கையில் ஒரே ஒரு காகிதம். அதில் இருக்கிற சடையன் வேறு சடையனாக இருந்தால்? ஊரும் அதைத்தானே கேட்கும்? இது படிப்பு சொன்ன காரணம். படிப்புக்கு அடியில் இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து போட்டோவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும். பரிவட்டமும் போகக் கூடாது. அற்பமான ஆசைதான். அவருக்கே தெரிந்தது. பத்திர நகலை டப்பாவின் அடியில் வைத்து மூடினார்.

நாலு நாள் அது அங்கேயே கிடந்தது. ஐந்தாம் நாள் போளூர் வண்டிக் கண்டக்டர் ஜோதியம்மாளைக் கடைத்தெருவில் பார்த்து, "டைமுக்கு உடம்பு சரியில்லியாக்கா? நாலு நாளா யாரையும் தாத்தா பேரு கேக்கல," என்றான். அவள் நேராக வீட்டுக்கு வந்தாள்.

"இன்னாத்த ஒளிச்சு வெச்சிருக்க?"

அவளிடம் மறைக்க முடிந்த ஆணா அவர்? எடுத்துக் காட்டினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்து, "இத்த வெச்சிக்கினா நாலு நாளு சும்மா இருந்த?" என்றாள். அவர் போட்டோவைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது ஒனக்கு," என்றாள் மெதுவாக. "ஆனா பொண்ணு மூஞ்சிய நாலு நாளா நீ பாக்கவே இல்ல."

மறுநாள் காலை அருணகிரி ஏழே காலுக்குத் திண்டிவனம் வண்டியில் ஏறிக் கீழ்பென்னாத்தூரில் இறங்கினார். வேணு கடைக்குப் போயிருந்தார். வீட்டில் அவருடைய அத்தை எல்லம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டினவள், குரல் மட்டும் முப்பது. இன்னார் என்று சொன்னதும், "ஓ, அந்த ஊட்டு ஆளா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையில் பத்திர நகல் இருந்தது. அருணகிரி அதை எடுக்கவில்லை. பொன்னி பேரையும் எடுக்கவில்லை. கேள்விக்குள் பதிலை வைக்கக் கூடாதே! தரையில் உட்கார்ந்து, "அம்மா, எங்க ஊட்டு மேல உங்களுக்கு இன்னா கோவம்? அத்த மட்டும் சொல்லுங்க," என்றார்.

அவ்வளவுதான். ஐம்பத்தைந்து வருஷத்து மதகு திறந்துகொண்டது.

"இன்னா கோவமா? எங்க தாத்தா மன்னாரு செத்தாரே, காந்தி செத்த வருசம், அன்னிக்கு ஒங்க தாத்தன் இன்னா பண்ணான் தெரியுமா? மூணாம் நாளே தல முழுவிட்டான்! பங்காளின்னா பதினாறு நாளு தீட்டு காக்க மாட்டான் மனுசன்? நான் கண்ணால பாத்தேன். கலியாண வயசு எனக்கு. நாலாம் நாளு ஒங்க ஊட்டுப் பக்கம் போனா, கொழம்பு வாசன தெருமொன வரிக்கும் அடிக்குது! எங்க ஊட்ல அடுப்பே சரியா எரியல, அங்க கவிச்சி! அன்னிக்கு எங்கப்பா சொன்னாரு, இனிமே அந்த ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு."

கேட்கக் கேட்க அருணகிரியின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. பையிலிருந்து அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தார். "மூணாம் நாளா, நாலாம் நாளாம்மா?"

"தல முழுவனது மூணு. கொழம்பு நாலு."

"மீனா, கருவாடா?"

"கருவாடு! நெத்திலிக் கருவாடு!" கிழவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏன்யா, நான் திட்டிக்கினு கீறேன், நீ இன்னாத்துக்கு இளிக்கிற?"

"இன்னொரு வாட்டி திட்டுங்கம்மா," என்றார் அருணகிரி. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. பெண் வழிச் சொந்தத்துக்கு மூன்றே நாள். அவருடைய தாத்தாவுக்குத் தாம் யார் என்று தெரிந்திருக்கிறது. செத்துப்போன மன்னாரு அவருக்குத் தாய்மாமன். முறைப்படி மூன்றாம் நாள் தலை முழுகியிருக்கிறார். பொன்னி சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்திருப்பாள்; மன்னாருவின் பிள்ளைகளுக்கு அத்தை முகமே தெரிந்திருக்காது. அவர்கள் அதை அவமரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். பத்திரத்தைக் கண்ணாலும் பார்க்காத, அருணகிரி வீட்டை ஐம்பத்தைந்து வருஷமாக வெறுக்கிற ஒருத்தி சொல்கிறாள். இதைவிட நல்ல சாட்சி எந்த ஆய்வுக் கட்டுரைக்கும் கிடைக்காது. அட்டையில் 'சடையன், அப்பாசாமியின் மருமகன்' என்று எழுதி, எதிரே கேள்விக்குறி இல்லாமல் டிக் போட்டார்.

வேணு வந்தார். பெரிய மீசை, சின்னப் பேச்சு. அருணகிரி பத்திர நகலையும் அட்டையையும் அவர் முன்னால் வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னார். வேணு இரண்டு முறை படித்தார். மீசையைத் தடவினார்.

"அப்ப பரிவட்டம் எங்க வம்சத்துக்குத்தான் வரணும்."

"ஆமாங்க."

"ஏழு வருசமா நீங்க கட்டிக்கினு வரீங்க."

"எங்கப்பா முப்பது வருஷம். தாத்தா அதவிட ஜாஸ்தி."

"இத்த நீங்களே தேடிப் புடிச்சு, நீங்களே கொண்டாந்து என் கையில குடுக்கறீங்க."

"ஆமாங்க மச்சான்," என்றார் அருணகிரி.

அந்த வார்த்தையை அவர் யோசித்துச் சொல்லவில்லை. முறை தெரிந்துவிட்டது, வாய் சொல்லிவிட்டது. வேணு பத்திர நகலை மடித்து, அட்டையோடு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் உள்ளே திரும்பி, "காப்பி போடச் சொல்லு," என்றார். எல்லம்மாள் உரித்த கடலையை ஒரு கை அள்ளி அருணகிரி பக்கம் தள்ளி, "பொண்ண இட்டுக்கினு வர்லியா? நான் யாருன்னு அது பாக்க வாணாவா?" என்று அதட்டினாள்.

ஆவணி பத்தாம் தேதி முகூர்த்தம் என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் ஆடி மூன்றாம் திங்கள் வந்தது. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் இரண்டு குடும்பமும் ஒரே நாளில் பச்சையம்மன் கோயிலில் நின்றன. பொங்கல் பானைகள் பொங்கி, படையல் போட்டாயிற்று. பூசாரி மஞ்சள் துணியை மடித்துக்கொண்டு பழக்க தோஷத்தில் நேராக அருணகிரியிடம் வந்தார். பழக்க தோஷத்தில் அருணகிரியும் தலையைக் குனிந்துவிட்டார். குனிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து, இரண்டடி பின்னால் நகர்ந்து, வேணுவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். வேணுவின் தலைக்கு அந்தத் துணி கொஞ்சம் சின்னதாக இருந்தது. "இஸ்துக் கட்டுங்க," என்று அருணகிரியே பூசாரிக்குச் சொன்னார். கை மட்டும் தன் நெற்றியை ஒருமுறை தடவிக்கொண்டது. அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுமா என்ன?

பூசாரி பேர் படிக்கத் தொடங்கினார். அப்பாசாமி, மன்னாரு என்று வேணு வரைக்கும் வந்து நிறுத்தி, அருணகிரியைப் பார்த்தார்.

"உங்க வழிக்கு யாரு பேரு மொதல்ல?"

"பொன்னி."

"பொம்பள பேரு படிக்கிற வழக்கம் இல்லீங்களே."

"படிங்க. அந்தப் பொம்பள இல்லன்னா நான் இங்க நிக்கறதுக்கு வழி இல்ல," என்றார் அருணகிரி.

பூசாரி வேணுவைப் பார்த்தார். வேணு தலையசைத்தார். கற்பூரம் ஏற்றி, "பொன்னி..." என்று பூசாரி உரக்கச் சொன்னார். பரிவட்டம் கட்டிய தலையைச் சாய்த்தால் துணி நழுவும். அதனால் ஏழு வருஷமாக அருணகிரி அம்மன் முன்னால் விறைப்பாக நின்றபடியே கும்பிட்டு வந்திருக்கிறார். இன்று சட்டைப் பையிலிருந்த அட்டைகளை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு, ஈரத் தரையில் நெற்றி பட நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.